‘தூரமா?’ என்று மட்டும் கேட்ட மதினி

எங்கள் பக்கத்தில் ஒருவர் வாசல்படி தாண்டிக் கிளம்பும்போது “எங்க போறீக?” என்று கேட்கக் கூடாது. கேட்டால் போன காரியம் உருப்படாது என்பார்கள். தெரிந்தே ஆக வேண்டுமென்றால் “தூரமா?” என்று கேட்கலாம். போகிறவரும் “இந்தா, பக்கத்துலதான்” என்றோ “ஆமா, செத்த தூரம்” என்றோ சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். ராஜபாளையத்துக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த ஒரு வழக்கத்தால் என் வீட்டுக்காரரின் உயிர் போகப் பார்த்தது. அதுவும் எப்போது? ஆப்பிரிக்காவுக்குப் போய், சிங்கத்தைப் பக்கத்தில் பார்த்துவிட்டு, ஒரு கீறல்கூட இல்லாமல் வீடு வந்து சேர்ந்த பிறகு!

என் வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு அக்கா. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறார். நான் மதினி என்று கூப்பிடுவேன். தாய் இல்லாத இரண்டு தம்பிகளையும் தூக்கி வளர்த்தவர் அவர்தான். அதில் சின்னவர் இப்போது இல்லை. நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால் ஒரு நாள் காலையில் அவர் மோட்டார் சைக்கிளை எடுத்திருக்கிறார். அடுப்படியிலிருந்து மதினி “எங்கலே போறே, சாப்பிடாம?” என்று கேட்டிருக்கிறார். “இந்தா வந்துருதேன்” என்று போனவர், தளவாய்புரம் போகிற வழியில் லாரியில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து மதினி யாரையும் “எங்கே” என்று கேட்டதில்லை. வாயில் அந்தச் சொல்லே வராது. பஸ்ஸில் கண்டக்டர் “எங்கம்மா போகணும்?” என்று கேட்டாலே முகம் சுருங்கிவிடும். சில்லறையை நீட்டி ஊர்ப்பெயரை மட்டும் முணுமுணுப்பார்.

மிச்சமிருக்கிற தம்பி என் வீட்டுக்காரர். பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடம் வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் காயத்துக்குச் சுற்றுகிறார்களே, அந்தத் துணி. “உலகத்துல எவனுக்கு எங்க அடிபட்டாலும் நம்ம துணிதாம்ட்டி” என்று பெருமை அடித்துக்கொள்வார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் டிவியில் மிருகங்கள் ஓட வேண்டும். மானைச் சிங்கம் விரட்டும், இவர் தோசையைப் பிய்த்த கையோடு அப்படியே உட்கார்ந்திருப்பார். “ஒரு தடவ நேர்ல பாத்துட்டாப் போதும்” என்பார். முப்பது வருஷமாக இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

எங்கள் மகள் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். அப்பாவுக்கு அறுபது முடிந்ததும் கென்யாவுக்கு மூன்று பேருக்கும் டிக்கெட் போட்டுவிட்டுத்தான் போன் செய்தாள். இவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போனை வைத்த அடுத்த நிமிஷம் முகம் மாறிவிட்டது.

“அக்காகிட்ட மூச்சு விட்றாத.”

“ஏன்? அவிய என்ன கடிச்சா தின்னுருவாக?”

“சிங்கம் திரியிற காட்டுக்குப் போறேன்னு சொன்னா, நான் திரும்பி வார வரைக்கும் அவ சோறு திங்க மாட்டாட்டி. பெங்களூருக்கு மக வீட்டுக்குப் போறோம்னு சொல்லுவோம். பொய்யா அது? பெங்களூரு போய்த்தான ஏரோப்ளேன் ஏறுதோம்?”

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் சின்னவரை நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன். மதினி எங்கே என்று கேட்க மாட்டார், அதனால் நாங்களும் பெரிதாகப் பொய் சொல்ல வேண்டியிருக்காது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த ஊருக்குப் போக மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டாக வேண்டும் என்றாள் மகள். பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட வேண்டுமாம். இவர் அதை மஞ்சக்காமாலை என்று எடுத்துக்கொண்டார். “அதுக்கு எதுக்கு ஊசி? கீழாநெல்லிய அரைச்சு மோர்ல குடிச்சா ஓடிருது” என்றார். கொல்லையிலிருந்து பறித்துக்கொண்டும் வந்துவிட்டார், மனுஷன்! மகள் போனிலேயே தலையில் அடித்துக்கொண்டாள். “அப்பா, அது வேற, இது வேற. இது கொசுவால வாரது. ஊசி போட்ட அட்டை இல்லைன்னா திரும்பி வாரப்ப நம்ம நாட்டுக்குள்ளயே விட மாட்டான்.” உள்ளே விடமாட்டான் என்றதும் சட்டையைக் கழற்றிக்கொண்டு ஊசிக்குத் தயாராகிவிட்டார்.

ஊசியோடு மலேரியா வராமலிருக்க மாத்திரையும் கொடுத்தார்கள். கிளம்புவதற்கு முன்னாலேயே தொடங்க வேண்டும், அங்கே இருக்கிற நாளெல்லாம் போட வேண்டும், ஊர் திரும்பிய பிறகும் நாலு வாரம் தினம் ஒன்று விடாமல் போட வேண்டும். “திரும்பி வந்த பிறகு போடுறதுதான் முக்கியம். கடிச்ச கொசு அங்கயே இருந்துரும், கிருமி உங்ககூட வந்துரும்” என்று ஊசி போட்ட டாக்டரம்மா இரண்டு தடவை சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து, சிங்கம் எத்தனை மணிக்கு எழுந்திருக்கும் என்று மகளிடம் போனில் கேட்டுக்கொண்டிருந்தார்.

பெட்டி கட்டினோம். சர்க்கரை மாத்திரை, பேதிக்குக் கலக்கிக் குடிக்கிற உப்புச் சர்க்கரைப் பொடி, கொசுவுக்குத் தடவுகிற களிம்பு, முழுக்கைச் சட்டை, தொப்பி என்று மகள் சொன்னதையெல்லாம் நான் அடுக்கினேன். இவர் அடுக்கியது பேண்டேஜ் துணி. ஒரு பெட்டி முழுக்கப் பேண்டேஜ்! “சிங்கம் கடிச்சா இதச் சுத்திக்கிட்டு நிக்கப் போறீகளா?” என்று கேட்டேன். இன்னும் இரண்டு சுருளை எடுத்து உள்ளே அமுக்கினார்.

கிளம்புகிற அன்று மதினி ஒரு டப்பா பால்கோவாவோடு வந்துவிட்டார். வாசலில் நின்று தம்பியின் தோளைத் தடவிக் கொடுத்து, “தூரமா?” என்றார்.

“ஆமாக்கா, பெங்களூரு வரைக்கும்.”

“பத்திரமாப் போயிட்டு வாய்யா. பிள்ளைக்கு இந்தப் பால்கோவாவக் குடு.”

இவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

காடு என்றால் எங்களுக்கு அய்யனார் கோவில் பக்கத்து மரங்களும் மலையும்தான். கென்யாவில் பார்த்தால் மரத்தையே காணோம். கண் எட்டுகிற தூரத்துக்குப் புல். எங்களுக்கு வாய்த்த ஓட்டுநர் நல்ல உயரம், அதிகம் பேச மாட்டார். முதல் நாளே வண்டியை நிறுத்திவிட்டு மகளிடம் சொன்னார், மகள் எங்களிடம் சொன்னாள்: நான் சொல்லாமல் வண்டியை விட்டு இறங்கக் கூடாது, கையை வெளியே நீட்டக் கூடாது, சத்தம் போடக் கூடாது, இருட்டிய பிறகு காவலாள் இல்லாமல் கூடாரத்தை விட்டு நகரக் கூடாது, கூடாரத்துக்குள் தின்பண்டம் வைக்கக் கூடாது. இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

பால்கோவா டப்பா மட்டும் தலையணைக்கு அடியில் இருந்தது. மறுநாள் காலையில் நாங்கள் குளித்துவிட்டு வருவதற்குள் ஒரு பெரிய குரங்கு, நாய் மாதிரி மூஞ்சி அதற்கு, டப்பாவோடு கூடாரத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரே மரத்தில் உட்கார்ந்திருந்தது. மூடியை வழித்து நக்குகிறது! அய்யனார் கோவில் குரங்காக இருந்தால் நான் கல்லை எடுத்திருப்பேன். அந்தப் பல்லைப் பார்த்ததும் கூடாரத்துக்குள் ஓடிவிட்டேன். ஓட்டுநர் வந்து இவரைப் பார்த்த பார்வையில் இவர் அன்று முழுக்க வண்டியின் கடைசி சீட்டில் ஒடுங்கிக்கிடந்தார்.

நானும் ஒன்றும் ஒழுங்கில்லை. கருநீலச் சேலை கட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு ஈ இருக்கிறது, அதற்கு நீலமும் கறுப்பும் கண்டால் ஆகாது, வந்து ஒட்டிக்கொள்கிறது. சேலைக்கு மேலேயே ஊசி போடுகிற மாதிரி கடித்தது. மகள் தன்னுடைய மண்நிறச் சட்டையைக் கொடுத்துச் சேலைக்கு மேல் போட்டுக்கொள்ளச் சொன்னாள். அந்தக் கோலத்தில்தான் சிங்கத்தைப் பார்த்தேன்.

ஆமாம், பார்த்தோம். ஒரு புதர் நிழலில் தாயும் மூன்று குட்டியும் படுத்திருந்தன. வண்டி நின்றது. தாய் எழுந்து வண்டிப் பக்கமாக நடந்து வந்து, டயரை மோந்துவிட்டு, திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது. நான் மகளின் தோளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். இவரைத் திரும்பிப் பார்த்தால், மனுஷன் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருக்கிறார். கண்ணீர் பாட்டுக்கு வழிகிறது, துடைக்கக்கூட இல்லை. முப்பது வருஷம் தோசைத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து ஆசைப்பட்டதை நேரில் பார்த்துவிட்டார். அந்த நிமிஷம் இவர் மேல் எனக்கு வந்த பிரியத்தை என்னவென்று சொல்வது? கையைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணமாகி நாலு பேர் முன்னால் அப்படிப் பிடித்ததில்லை.

சாப்பாட்டில் கவனமாகத்தான் இருந்தோம். மூடி திறக்காத பாட்டில் தண்ணீர்தான், பல் விளக்கக்கூட அதேதான். பச்சைக் காய்கறியைத் தொடவில்லை. ராத்திரி கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிவிட்டுத்தான் படுப்போம். வலையில் ஒரு கிழிசல் இருந்தது. இவர் தம் பேண்டேஜ் துணியை இரண்டு மடிப்பாக வைத்து அத்தனை அழகாகத் தைத்துவிட்டார். வலையைப் பார்த்த ஓட்டுநர் முதல் தடவையாகச் சிரித்தார். பால்கோவா விஷயம் அதோடு தீர்ந்தது.

எல்லாம் சரி. சாயங்காலம்தான் சனியன். பொழுது சாயும்போது நம்ம ஊர் ஆம்பளைகள் என்ன செய்வார்கள்? குளித்துவிட்டு, பனியனோடு, வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் காற்று வாங்குவார்கள். அங்கேயும் அதேதான்! எல்லாரும் காலுறை வரைக்கும் மூடிக்கொண்டு களிம்பு தடவி உட்கார்ந்திருக்கிறார்கள். இவர் நாற்காலியைப் போட்டு, கொசுவுக்கு இலை போட்டு வைத்த மாதிரி இரண்டு முழங்காலையும் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

“வேட்டிய இறக்கி விடுங்க. களிம்பத் தடவுங்க. எம்புட்டுத் தடவ சொல்லணும் உங்களுக்கு?”

“செத்த நேரம் பொறுட்டி. நம்ம ஊர்க் கொசுவுக்கே பயப்படாதவன் நானு.”

நானே போய்க் களிம்பை அள்ளி இரண்டு காலிலும் பூசிவிட்டு வந்தேன். ஒவ்வொரு நாளும் நான் போவதற்குள் கொசு வேலையைக் காட்டியிருக்கும். சொரிந்துகொண்டேதான் இருந்தார்.

ஊர் திரும்பினோம். வந்த வேகத்தில் மதினி பை தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அவர் வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள், சுண்ணாம்பு நெடி ஆகவில்லை. ஒரு மாசம் இருக்கட்டும் என்று எனக்கும் சந்தோஷம்தான்.

“பால்கோவா நல்லாருந்துச்சாமா?” என்று கேட்டார்.

“ஒரே ஆளு டப்பாவோட தின்னு தீத்துட்டாக, மதினி” என்றேன். இவருக்குப் புரையேறிவிட்டது.

அடுத்த நாள் சாப்பிட்டுவிட்டு இவர் மாத்திரையை வாயில் போடும்போது மதினி பார்த்துவிட்டார்.

“என்ன மாத்திரைலே அது?”

“சத்து மாத்திரைக்கா.”

“சத்து மாத்திரையா? எனக்கும் ரெண்டு குடு. எந்திரிச்சு நின்னாத் தலை சுத்துது.”

இவர் முழித்த முழியை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். அன்றைக்கு மதினியை எப்படியோ பேச்சில் திசை திருப்பிவிட்டோம். அதன் பிறகு நான் என் மாத்திரையைத் துவரம்பருப்பு டப்பாவில் ஒளித்துவைத்து, அடுப்படியில் வைத்தே விழுங்கிக்கொண்டேன். இவரிடம் கேட்டால் “போட்டுட்டேன், போட்டுட்டேன்” என்பார். நம்பினேன்.

மூன்றாவது வாரம் காய்ச்சல் வந்தது. தானே பைக்கில் டாக்டரிடம் போய்வந்தார். ஊரெல்லாம் சளியும் காய்ச்சலுமாக இருந்த நேரம். டாக்டரும் சாதாரணக் காய்ச்சல் என்று மருந்து கொடுத்தனுப்பியிருந்தார். ஒரு நாள் விட்டது. மறுநாள் குளிர் தூக்கிப் போட்டது. கட்டில் ஆடுகிறது. மதினி கஷாயம் வைத்துக் கொடுத்தார், அது அப்படியே வெளியே வந்தது. இரண்டு போர்வை போர்த்தியும் பல் தந்தியடித்தது. கென்யாவில் காலைக் குளிருக்குப் போட்டிருந்த ஸ்வெட்டர் இருக்கிறதே என்று பெட்டியைத் திறந்து எடுத்து உதறினேன். அதன் பையிலிருந்து மலேரியா மாத்திரை அட்டை விழுந்தது. ஒன்றிரண்டு மட்டும் உடைந்திருந்தது, மிச்சமெல்லாம் அப்படியே! அக்கா சத்து மாத்திரை கேட்ட அன்றோடு நிறுத்தியிருக்கிறார்.

திட்ட நேரமில்லை. ஆட்டோவைக் கூப்பிட்டேன். மதினியும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறிவிட்டார். இவர் அக்கா மடியில்தான் தலைவைத்துப் படுத்துவந்தார்.

டாக்டர் நாடி பார்த்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார். “போன தடவை கேக்க விட்டுப்போச்சு. சமீபத்துல வெளியூர் எங்கயும் போயிட்டு வந்தீங்களா?”

இவர் கண் அக்கா பக்கம் போனது. அவ்வளவு காய்ச்சலிலும் போனது. “பெங்களூரு” என்றார்.

“அம்புட்டுத்தான் டாக்டரு. மக வீட்டுக்குப் போனான், வந்தான். அதத் தாண்டி ஒரு அடி வைக்கல, நான் சொல்லுதேன்” என்றார் மதினி.

டாக்டர் எழுத ஆரம்பித்தார். மேசைக்குக் கீழே இவர் என் கையைப் பிடித்து அமுக்கினார், சொல்லாதே என்று. கை நெருப்பாகச் சுட்டது. நான் அதை உதறினேன்.

“பொய் டாக்டர். கென்யாவுக்குப் போனோம். ஆப்பிரிக்கா. சிங்கம் பாக்க. தினம் சாயங்காலம் முழங்காலக் காட்டிக்கிட்டு உக்காந்து கொசுக்கடி வாங்குனாரு. மலேரியா மாத்திரைய வந்த மறுநாளே நிறுத்திட்டாரு. இந்தா பாருங்க.” அட்டையை மேசையில் வைத்தேன்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார். மலேரியாதான், அதிலும் மூளைக்கு ஏறுகிற மோசமான வகை என்று முடிவு வந்தது. மதுரைக்கு ஆம்புலன்ஸ் சொன்னார்கள். “இன்னும் ஒரு நாள் தாமதிச்சிருந்தா என்னால ஒண்ணும் சொல்லியிருக்க முடியாதும்மா” என்றார் டாக்டர் என்னிடம், மெதுவாக.

மதினியும் கூடவே ஏறினார். ஆம்புலன்ஸில் தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டே வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தாண்டும்போது கையெடுத்துக் கும்பிட்டார். மதுரையில் இவரை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தியதும், வெளியே பெஞ்சில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

“கிளம்பையில எங்கன்னு கேக்கக் கூடாதுதான். அதுக்காக வந்த பொறவும் சொல்லக் கூடாதாட்டி?” என்றார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “கேட்டு ஒருத்தனத் தொலைச்சேன். கேக்காம இவனையும் தொலைக்கப் பாத்தேனே.”

நானும் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்கவில்லை. நர்ஸ் வந்து சத்தம் போட்ட பிறகுதான் விட்டோம்.

இவர் பிழைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்துக் கண்ணில் தெளிவு வந்ததும் முதலில் உள்ளே போனது மதினிதான். நான் கதவோரம் நின்றிருந்தேன்.

“சிங்கம் எம்புட்டுக் கிட்ட வந்துச்சுலே?” என்று கேட்டார்.

“டயர மோந்து பாத்துச்சுக்கா.”

“பால்கோவாவ?”

“அது கொரங்குக்கா.”

மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். பிறகு தம்பி முழங்காலைப் பிடித்துப் போர்வையை இழுத்து மூடிவிட்டார்.

இவர் தேறி எழுந்து, இரண்டு மூன்று மாதம் போயிருக்கும். கூமாப்பட்டியில் ஒரு கல்யாணம். மதினி அன்றைக்கு எங்கள் வீட்டில்தான் இருந்தார். இவர் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு படி இறங்கினார், நான் பின்னால் போனேன். வழக்கம்போல மதினி வாசல்வரை வந்தார். “தூ...” என்று ஆரம்பித்தார். அத்தோடு நிறுத்திவிட்டார். வாசல் நிலையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“எங்கலே போறே?” என்றார்.

தெருவில் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் இவர் திரும்பி வந்து, தண்ணீர் குடித்து, உட்கார்ந்துவிட்டுத்தான் கிளம்புவார். அன்றைக்கு அப்படிச் செய்யவில்லை. படி ஏறி அக்காவுக்கு முன்னால் வந்து நின்று, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி பதில் சொன்னார்.

“கூமாப்பட்டிக்குக்கா. கல்யாணத்துக்கு. வத்திராயிருப்பு வழியாப் போறோம். சாப்பிட்டதும் கிளம்பி, பொழுதடையுறதுக்குள்ள வந்துருவேன்.”

“சரி. போயிட்டு வா.”

கல்யாண வீட்டில் இவர் சரியாகச் சாப்பிடவே இல்லை, என்னையும் சாப்பிட விடவில்லை, கிளம்பு கிளம்பு என்று பிடுங்கி எடுத்துவிட்டார். வெயில் தாழ்வதற்குள் தெருமுனைக்கு வந்துவிட்டோம். மதினி வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தார், காலையில் கட்டியிருந்த அதே சேலையில், சாப்பிடாமல். வண்டி நின்றதும் தம்பியை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார்.

“வந்துட்டியாலே” என்று சொல்லிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தனக்குச் சோறு போட உள்ளே போனார்.